ட்ரெய்லருக்கு வயர் இழுத்த அனுபவம்: நிறத்தை நம்பியதும் எர்த்தை மறந்ததும்

கனடாவின் டொரொன்டோவிலுள்ள ஸ்கார்பரோவில் 2006ஆம் ஆண்டு மாடல் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கியபோது, அதன் பின்புறம் ட்ரெய்லர் கொளுவுவதற்கான சதுரக் குழாயும் அதன் அருகே நான்கு வயர்கள் கொண்ட தட்டையான பிளக் ஒன்றும் இருப்பதைப் பார்த்து, வயரிங் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அதை நம்பித்தான் அடுத்த வசந்தத்தில், குடும்பத்தோடு அல்கொன்குயின் பூங்காவுக்குப் போவதற்காக, இரண்டு அச்சுகளும் 19 அடி நீளமும் கொண்ட முகாம் ட்ரெய்லர் ஒன்றையும் வாங்கினேன். பொருட்கள் ஏற்றிய பிறகு அதன் எடை 2,000 கிலோவைத் தாண்டும். மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் ட்ரெய்லருக்குத் தனியாகப் பிரேக் வேண்டும் என்பது ஒன்டாரியோவின் சட்டம். என்னுடைய ட்ரெய்லரில் நான்கு சக்கரங்களுக்கும் மின்காந்தப் பிரேக் இருந்தது; ஆனால் அதை இயக்குவதற்கு என் பிக்கப்பிலிருந்து ஒரு வயர்கூட வரவில்லை.

அந்தத் தட்டையான நான்கு வயர் பிளக்கில் வெள்ளை எர்த் (கரண்ட் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் வழி), பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது இண்டிகேட்டர். வட அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் பலவற்றில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு பல்பில் எரிவதால், மஞ்சள் வயரும் பச்சை வயருமே பிரேக் விளக்கையும் சேர்த்துச் சுமக்கின்றன. குப்பையோ விறகோ ஏற்றும் சிறிய பெட்டி ட்ரெய்லருக்கு இது போதும். பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு 7 முனைகள் கொண்ட வட்டமான சாக்கெட் வேண்டும்; மேற்சொன்ன நான்கோடு, ட்ரெய்லர் பிரேக்குக்கு நீல வயர், ட்ரெய்லரின் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கறுப்பு வயர், நடு முனையில் ரிவர்ஸ் விளக்கு ஆகிய மூன்றும் அதில் சேர்கின்றன. ஊரில் லாண்ட்மாஸ்டர் என்னும் இரண்டு சக்கர உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியின் பின்னால் ஒரு சிவப்புப் பிரதிபலிப்பான் ஒட்டியிருந்தாலே பெரிய பாதுகாப்பு என்று பார்த்து வளர்ந்த எனக்கு, ஏழு வயர்கள் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரிந்தன.

வேலையை ட்ரெய்லர் பக்கத்திலிருந்து தொடங்கியதுதான் முதல் பிழைக்குக் காரணமாக அமைந்தது. அதன் பழைய பிளக் உள்ளே பச்சைப் பாசி பிடித்ததுபோல அரித்துப் போயிருந்தது. பிளக்கும் வயரும் ஒன்றாக வார்க்கப்பட்ட புதிய கேபிள் ஒன்றை வாங்கி வந்து, ட்ரெய்லரின் முன்புறமுள்ள சந்திப்புப் பெட்டியைத் திறந்து, பழுப்போடு பழுப்பு, பச்சையோடு பச்சை, வெள்ளையோடு வெள்ளை, நீலத்தோடு நீலம், கறுப்போடு கறுப்பு என்று ஒவ்வொன்றாக இணைத்தேன். கடைசியில் கேபிளில் மஞ்சளும் ட்ரெய்லரில் சிவப்பும் மிஞ்சின. வேறு துணையில்லாத அந்த இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டேன். இடது இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தால் இடது பக்கம் மிகச் சரியாக மின்னியது. அந்த ஒரு வெற்றியில் மயங்கி, மூடியைப் போட்டுத் திருகாணிகளையும் முறுக்கிவிட்டேன்.

அன்று மாலை இருட்டத் தொடங்கியபோது முன்விளக்கைப் போட்டேன். பின்னால் நின்ற மகன், "அப்பா, வலது பக்கம் மட்டும் எரிஞ்சுகொண்டே நிக்குது" என்றான். வலது இண்டிகேட்டரைப் போட்டபோது, ட்ரெய்லரைச் சுற்றியுள்ள ஓர விளக்குகள், பின்விளக்குகள், நம்பர் தகட்டு விளக்கு என்று எல்லாம் சேர்ந்து கல்யாண வீட்டுச் சோடனைபோல மின்னத் தொடங்கின. வீதியில் நாயைக் கூட்டிக்கொண்டு போனவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

யாழ்ப்பாணத்தில் வாகன மின்வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டியபோது அவர் வயர்களைப் பார்க்கவே இல்லை. கரண்ட் உள்ள முனையைத் தொட்டால் எரியும் தன்னுடைய டெஸ்ட் லாம்பைத்தான் எடுத்தார். "தம்பி, கலரை விடும். எந்த முனையில எப்ப கரண்ட் வருதெண்டு பாரும்" என்றார். பிறகு நான் தெரிந்துகொண்டது இதுதான்: வட அமெரிக்காவில் ட்ரெய்லர் வயர்களுக்கு இரண்டு நிற மரபுகள் பக்கம் பக்கமாகப் புழங்குகின்றன. சாதாரண சரக்கு ட்ரெய்லர் மரபில் பழுப்பு என்றால் பின்விளக்கு, பச்சை என்றால் வலது, மஞ்சள் என்றால் இடது. முகாம் ட்ரெய்லர்களின் பழைய மரபிலோ பச்சைதான் பின்விளக்கு, பழுப்புதான் வலது, சிவப்புதான் இடது. நான் வாங்கிய கேபிள் முதல் மரபு, ட்ரெய்லர் இரண்டாவது மரபு. பச்சையும் பழுப்பும் இரண்டிலும் இருந்து, பொருள் மட்டும் இடம் மாறியிருந்ததால்தான் அந்தச் சோடனை. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தது என் அதிர்ஷ்டம் மட்டுமே. சிவப்பைக் கண்டவுடன் அதை பேட்டரி நேர்முனை என்று எண்ணிக் கறுப்போடு சேர்த்திருந்தால், இடது விளக்கு பிளக்கைக் கழற்றும் வரை எரிந்திருக்கும்.

ஆகவே சாக்கெட்டிலோ சந்திப்புப் பெட்டியிலோ கை வைப்பதற்கு முன், நிறத்தை மறந்துவிட்டு முனையின் வேலையைக் கண்டறிய வேண்டும். வண்டிப் பக்கத்தில் இது எளிது: ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஒவ்வொரு விளக்காகப் போடச் சொல்லி, டெஸ்ட் லாம்பால் முனைகளைத் தொட்டுப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் போதும். ட்ரெய்லர் பக்கத்தில் அதை வண்டியிலிருந்து பிரித்துவிட்டு, ஒரு 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையை வெள்ளை வயரில் கொடுத்து, நேர்முனையை 10 ஆம்பியர் பியூஸ் ஒன்றின் வழியாக மற்ற வயர்களில் ஒவ்வொன்றாகத் தொட்டால், எது எதை எரிக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிரேக் வயரில் தொட்டால் விளக்கு எதுவும் எரியாது; சக்கரத்தின் பக்கத்தில் காதை வைத்தால் காந்தம் 'டிக்' என்று ஒட்டிக்கொள்வது கேட்கும். நான்கு காந்தங்களும் சேர்ந்து இழுத்தால் அந்த பியூஸ் போய்விடலாம் என்பதால் அந்த வயரில் ஒரு கணம் மட்டும் தொட்டுவிட்டு எடுத்துவிடுவது நல்லது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இணையத்தில் கிடைக்கும் படங்களில் சில வண்டியின் சாக்கெட்டை முன்னிருந்து பார்ப்பவை, சில ட்ரெய்லர் பிளக்கை முன்னிருந்து பார்ப்பவை, சில பின்னாலிருந்து பார்ப்பவை, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடமும் வலமும் மாறிவிடும். படம் எந்தப் பக்கத்திலிருந்து வரையப்பட்டது என்று தெரியாவிட்டால் அதை மூடிவிட்டு மீண்டும் டெஸ்ட் லாம்பை எடுப்பதே மேல்.

வண்டிக்குள் வயர் இழுக்கும் வேலை அறிவைவிட முதுகைத்தான் அதிகம் சோதித்தது. எஞ்சின் பக்கத்திலுள்ள பேட்டரியிலிருந்து பின் பம்பர் வரை வண்டியின் அடிச்சட்டத்தின் உட்புறமாக, பிரேக்குக்கு ஒன்றும் சார்ஜுக்கு ஒன்றுமாக இரண்டு 10 கேஜ் வயர்களை (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) நெளிகுழாய்க்குள் விட்டு, சைலன்சர் குழாய் போகும் பக்கத்தைத் தவிர்த்து, தொழிற்சாலை வயர்கள் போகும் பாதையிலேயே ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டியால் கட்டினேன். சட்டத்துக்கு அடியில் தொங்கும் உதிரி டயரை இறக்கிவிட்டால் பின்பகுதியில் கை தாராளமாகப் போகிறது என்பதை, அதை இறக்காமல் இரண்டு மணி நேரம் போராடிய பிறகுதான் கண்டுபிடித்தேன். கேபினுக்குள் வயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் போடாவிட்டால், தகட்டின் விளிம்பு வயரின் தோலை நாளடைவில் அறுத்துவிடும். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே பிரேக் வயருக்கு 20 ஆம்பியர், சார்ஜ் வயருக்கு 30 ஆம்பியர் என்று தானாக மீளும் பாதுகாப்புத் துண்டிப்பான்களைப் பொருத்தினேன். பாதுகாப்பு எப்போதும் பேட்டரி முனையில்தான் இருக்க வேண்டும். வயரின் கடைசியில் பியூஸ் போட்டால், இடையில் தோல் கிழிந்து சட்டத்தில் பட்ட வயரை அது காப்பாற்றாது.

வயரின் தடிப்பில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது என்பதற்குக் காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். என் ட்ரெய்லரின் ஒவ்வொரு பிரேக் காந்தமும் முழு அழுத்தத்தில் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். நான்குக்கும் 12 ஆம்பியர். 16 கேஜ் செம்பு வயருக்கு 1,000 அடிக்குச் சுமார் 4 ஓம் தடை உண்டு. 25 அடிக்கு 0.1 ஓம். 12 ஆம்பியரில் போகும் வழியில் மட்டும் 1.2 வோல்ட் வயருக்குள்ளேயே தொலைந்துவிடும். அதே நீளத்துக்கு 10 கேஜ் வயரில் இழப்பு 0.3 வோல்ட்தான். காந்தத்தின் இழுவை அதற்குக் கிடைக்கும் மின்னோட்டத்தைப் பொறுத்தது என்பதால், தொலைகின்ற ஒவ்வொரு வோல்டும் நிறுத்தும் தூரத்தில் போய்ச் சேரும்.

ட்ரெய்லர் பிரேக்குக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பதை வண்டிக்குள்ளிருந்து கட்டுப்படுத்தும் கருவியான பிரேக் கன்ட்ரோலரில் நான்கு வயர்கள்: வெள்ளை எர்த், கறுப்பு பேட்டரி, நீலம் ட்ரெய்லருக்குப் போவது, சிவப்பு பிரேக் மிதியின் சுவிட்சிலிருந்து வருவது. சிவப்பை இணைக்க வேண்டிய வயர், மிதியை அழுத்தும்போது மட்டும் உயிர்பெற்று, விட்டவுடன் செத்துப்போவதாக இருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக்கொண்டு அதைத் தேடும்போது மஞ்சள் உறையிட்ட வயர்களை மட்டும் தொடவே கூடாது. அவை ஏர்பேக்குக்கு உரியவை. என் வண்டி பழையது என்பதால் இந்த வேலை எளிதாக முடிந்தது. புதிய வண்டிகள் பலவற்றில் சுவிட்ச் கணினிக்குச் சிறு சைகை மட்டுமே அனுப்புவதால், அதில் கண்டபடி கிளை வயர் எடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது. அந்த மாடலுக்கென்று விற்கும் இணைப்புக் கேபிளை வாங்கிவிட வேண்டும். கன்ட்ரோலரிலும் இரண்டு வகை உண்டு. மலிவானது, மிதியைத் தொட்டவுடன் எவ்வளவு மெதுவாக நிறுத்தினாலும் முன்பே குறித்த அளவுக்குப் பிரேக்கை ஏற்றும். மற்றது, வண்டி எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பதை உணர்ந்து அதற்கேற்பக் கொடுக்கும். விலை வித்தியாசத்தைப் பார்க்காமல் இரண்டாவதை வாங்கும்படி யாருக்கும் சொல்வேன். பொருத்திய பிறகு, ஆளில்லாத சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் முழுமையாக அழுத்தி, ட்ரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொள்வதற்குச் சற்று முன் நிற்கும் அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். வெறும் ட்ரெய்லருக்குச் செய்த அளவு, தண்ணீரும் பொருட்களும் ஏற்றிய ட்ரெய்லருக்குப் பொருந்தாது.

இவ்வளவும் செய்தேன், ஓர் இடத்தில் மட்டும் சோம்பல்பட்டேன். முந்தைய உரிமையாளர் பின்புறச் சட்டத்தில் ஒரு தகட்டுத் திருகாணியால் முடுக்கியிருந்த பழைய எர்த் இணைப்பை, விளக்குகள்தான் பளிச்சென்று எரிகின்றனவே என்று, அப்படியே விட்டுவிட்டு, புதிய சாக்கெட்டின் வெள்ளை வயரையும் அதிலேயே சேர்த்துவிட்டேன்.

கோடை முழுவதும் குறை எதுவும் தெரியவில்லை. ஓகஸ்ட் கடைசியில் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து 11ஆம் நெடுஞ்சாலையில் திரும்பி, பாரியைக் கடந்து 400ஆம் நெடுஞ்சாலையில் மழையோடு வந்துகொண்டிருந்தோம். பின்னால் வேறொரு காரில் வந்த நண்பரின் குடும்பம் என் மனைவியின் தொலைபேசிக்கு அழைத்தது: "நீங்கள் பிரேக் பிடிக்கேக்க ட்ரெய்லர் லைட் எல்லாம் மங்குது, ஓர லைட் அணைஞ்சே போகுது." நான் கன்ட்ரோலரைப் பார்த்தேன், ட்ரெய்லர் இணைந்திருப்பதைக் காட்டும் அடையாளம் வருவதும் போவதுமாக இருந்தது. வண்டி வழக்கத்தைவிட நீண்டு நிற்பதை அதற்கு முன்பே கால் உணர்ந்திருந்தது. மழைதான் காரணம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த ஓய்வு நிலையத்தில் ஒதுங்கி, பிளக்கைக் கழற்றிப் பூட்டினேன். சரியாகிவிட்டதுபோல் இருந்தது. மிச்சத் தூரத்தை வலது ஓர லேனில் மணிக்கு 80 கிலோமீட்டரில், முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விட்டு ஓட்டி வீடு சேர்ந்தேன்.

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்துச் சாக்கெட்டில் அளந்தால், நீல முனைக்கும் வெள்ளை முனைக்கும் நடுவே, கன்ட்ரோலரின் கைப்பிடியை அழுத்தியபோது 12.3 வோல்ட். எல்லாம் சரி என்றே மீட்டர் சொன்னது. மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு. மீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. தலைமுடி அளவு தொடர்பு இருந்தாலும் அது முழு வோல்டைக் காட்டிவிடும். சுமை கொடுத்து அளக்க வேண்டும். பழைய பிரேக் விளக்கு பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர்களைப் பற்றவைத்து, ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும் அதை அதே இரண்டு முனைகளுக்கு நடுவே கொடுத்தேன். பல்ப் செம்மஞ்சளாக மங்கலாய் எரிந்தது. மீட்டர் 9 வோல்டுக்குக் கீழே இறங்கியது. பிறகு பல்பின் ஒரு வயரை வெள்ளை முனையிலிருந்து எடுத்து, நீண்ட வயர் ஒன்றால் நேராக பேட்டரியின் எதிர்முனைக்குக் கொடுத்தேன். பளீரென்று எரிந்தது. நான் இழுத்த நீல வயரில் குறையில்லை. திரும்பிப் போகும் பாதையில்தான் குறை.

வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் படுத்து அந்தத் திருகாணியைப் பார்த்தேன். தலை இருந்த இடத்தில் துருவின் ஒரு குமிழ்தான் இருந்தது. விரலால் தள்ளியவுடன், வயர் நுனியிலுள்ள உலோக வளையமான லக் வயரோடு கழன்று வந்தது. அதன் ஓட்டையைச் சுற்றி வெண்மையும் பச்சையுமாகப் பொடி. இங்கே குளிர்காலம் முழுவதும் தெருவில் கொட்டும் உப்பு, சட்டத்தின் ஒவ்வொரு இடுக்கிலும் ஏறிக்கொள்கிறது. பெயின்ட் சுரண்டப்படாமல் முடுக்கிய திருகாணி, அதன் புரிகள் வழியாக மட்டுமே தொடர்பு கொடுத்துக்கொண்டிருந்தது. விளக்குகளின் சில ஆம்பியருக்கு அது போதுமாக இருந்தது, பிரேக்கின் 12 ஆம்பியருக்குப் போதவில்லை. எர்த்தில் கால் ஓம் தடை இருந்தாலே 12 ஆம்பியரில் 3 வோல்ட் போய்விடும். பிரேக்கும் விளக்குகளும் ஒரே வெள்ளை வயரில்தான் திரும்புகின்றன. அதனால்தான் பிரேக் பிடிக்கும்போது ஓர விளக்கு அணைந்தது. பிரேக் பிடித்தால் சம்பந்தமில்லாத விளக்கு மங்கினாலோ, எரியக் கூடாத விளக்கு மெல்லியதாக எரிந்தாலோ, வேறெங்கும் தேடாமல் முதலில் எர்த்தைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ட்ரெய்லரைத் தாங்கும் இரும்புக் குண்டின் வழியாகவும் எர்த் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். கிடைக்கும்தான், ஆனால் அதில் கிரீஸ் பூசியிருக்கும், பள்ளத்தில் விழும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வரும். அதை எர்த் என்று எண்ணிக்கொண்டு பயணம் போகக் கூடாது.

புதிதாகச் செய்ததைச் சொல்கிறேன். சட்டத்தில் வேறோர் இடத்தை உப்புத்தாளால் உலோகம் வெள்ளியாகத் தெரியும் வரை தேய்த்து, ஓட்டை போட்டு, பல் வாஷரோடு போல்ட்டும் நட்டுமாக லக்கை இறுக்கி, முடுக்கிய பிறகு மேலே பெயின்ட் அடித்தேன். முதலிலேயே பெயின்ட் அடித்தால் தொடர்பு கெடும். அதோடு நிற்காமல், 10 கேஜ் வெள்ளை வயர் ஒன்றைத் தனியாக பேட்டரியின் எதிர்முனை வரை இழுத்துவிட்டேன். பிறகு பிரேக் முழுவதும் அழுந்திய நிலையில் ட்ரெய்லரின் சட்டத்துக்கும் வண்டி பேட்டரியின் எதிர்முனைக்கும் நடுவே அளந்தேன்: 0.4 வோல்ட். அரை வோல்டுக்குக் கீழே இருந்தால் நான் திருப்தியடைந்துவிடுவேன்.

அதே நாளில் முந்தையவர் போட்டிருந்த நீல நிறப் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் பிடுங்கி எறிந்தேன். வயரை வெட்டாமல், உள்ளேயுள்ள சிறு தகட்டால் தோலைக் கிழித்துக் கிளை எடுக்கும் அந்தக் கிளிப்புகள் வீட்டுக்குள் பரவாயில்லை. வண்டிக்கு அடியில், கிழிந்த தோல் வழியாக உப்புத்தண்ணீர் செம்புக்குள் ஏறி, ஒரு முழம் நீளத்துக்கு வயர் கறுத்துப் போயிருந்தது. இப்போது ஒவ்வொரு இணைப்பும் பிளையரால் நசுக்கி, சூடு காட்டினால் சுருங்கி உள்ளே பசை உருகும் உறையால் மூடியது. சாக்கெட்டின் முனைகளில் தண்ணீர் ஏறாத கிரீஸ் கொஞ்சம் பூசுவதும், மூடியின் சுருள்வில் தளர்ந்தால் மாற்றுவதும் சின்ன வேலைகள்.

சார்ஜ் வயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதை எப்போதும் உயிரோடு இருக்கும்படி இணைத்திருந்ததால், முகாமில் ஓர் இரவு ட்ரெய்லரின் குளிர்சாதனப் பெட்டியை 12 வோல்டில் விட்டுத் தூங்கியபோது, காலையில் வண்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவி போட்டால் மட்டும் கரண்டை விடும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் ஒன்றை இடையில் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாக, ட்ரெய்லர் கழன்றுபோனால் அதன் சொந்த பேட்டரியால் பிரேக்கைப் பிடிக்கும் அவசரச் சுவிட்ச். அதன் மெல்லிய கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியிலோ குண்டு பொருத்திய இரும்பிலோ மாட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; குண்டு இரும்போடு சேர்ந்து கழன்றால் கம்பியும் அதோடு போய்விடும், சுவிட்ச் இழுபடாது. வண்டியின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தக் கம்பியின் நுனியில் சுவிட்சுக்குள் செருகியிருக்கும் ஊசியை இழுத்து, வண்டியை ஓர் அடி நகர்த்திப் பார்க்கிறேன். சக்கரங்கள் உருளாமல் இழுபட்டால் ட்ரெய்லர் பேட்டரி நன்றாக இருக்கிறது. உடனே ஊசியைத் திரும்பச் செருகிவிட வேண்டும். அப்படியே விட்டால் காந்தம் சூடேறும், பேட்டரியும் இறங்கிவிடும்.

நடு முனை மட்டும் என் சாக்கெட்டில் இன்னும் காலியாகவே இருக்கிறது. ட்ரெய்லரில் ரிவர்ஸ் விளக்கு இல்லை. இருட்டில் முகாம் இடத்துக்குள் பின்னோக்கி விடும்போது மகன்தான் கைவிளக்கோடு பின்னால் நின்று வழி காட்டுகிறான். இந்த வசந்தத்தில் பனி போனவுடன் அதற்கும் ஒரு வயர் இழுப்பதாக அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.